பக்தியார் கேட்ட விலை

மலேசியாவில், தைப்பிங்கில் சாயங்கால மழை பிடித்துக்கொண்டால் லேசில் விடாது. ஜம்ரி ஒரு பட்டறை வாசலில் காரை நிறுத்திக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, கைபேசியும் கையுமாக உட்கார்ந்திருந்தான். அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, சேதம் நிஜமா ஜோடித்ததா என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பது அவன் பிழைப்பு. உள்ளே நசுங்கிப்போன வேன் ஒன்று அவனுக்காகக் காத்திருந்தது. அவனோ ஒரு கடிகாரத்துக்காகக் காத்திருந்தான்.

பழைய சாமான் சேர்ப்பவர்கள் இணையத்தில் நடத்தும் ஏலக் குழு அது. லேலோங் குழு என்பார்கள். பேராக் முழுக்க ஆயிரக்கணக்கான பேர் அதில் இருந்தார்கள். விற்கிறவர் படம் போட்டு, முடியும் நேரம் சொல்வார். வேண்டியவர்கள் கீழே விலை கேட்டுக்கொண்டே போவார்கள். அன்றைக்கு ஏலத்தில் இருந்தது ரப்பர் தோட்ட ஆபீஸில் தொங்கிய எண்கோணச் சுவர்க்கடிகாரம். பீங்கான் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. ஜம்ரி கேட்ட விலைதான் கடைசியாக நின்றது. இனி யாரும் வரமாட்டார்கள் என்று அவன் மூச்சுவிட்ட நேரம், கீழே இன்னொரு விலை வந்து விழுந்தது.

ஆசையில் பெயரைப் பார்க்காமலே அவன் மேலே கேட்டான். அது மறுபடி ஏறியது. இவனும் ஏறினான். முடிகிற நிமிஷத்தில் அந்த ஆள் ஒதுங்கிக்கொள்ள, கடிகாரம் ஜம்ரிக்கு விழுந்தது. நினைத்ததைப்போல் இரண்டு மடங்கு விலை. விட்டுக்கொடுத்தவன் யார் என்று அப்போதுதான் பார்த்தான்.

‘பக்தியார் ஜாம் லாமா.’

ஜாம் லாமா என்றால் பழைய கடிகாரம். பெயரோடு அதைச் சேர்த்துப் போட்டுக்கொண்ட பக்தியார் ஜம்ரியின் நெருங்கிய சிநேகிதன். போன நோன்பு மாதத்தில் மாரடைப்பில் போய்விட்டான். குழிக்குள் இறங்கி அவனைக் கையில் வாங்கிக் கிடத்தியவர்களில் ஜம்ரியும் ஒருவன். பிள்ளை குட்டி இல்லாத மனிதன். வீட்டில் மனைவி ரொஹானி மட்டும்தான், அவள் இந்தக் குழுப் பக்கமே வந்ததில்லை.

மழை கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. ஜம்ரி அந்தப் பெயரை மறுபடி ஒருமுறை படித்தான். உடனே பாக் லோங்கைக் கூப்பிட்டான்.

பாக் லோங் என்றால் பெரியப்பா. அவருடைய சொந்தப் பெயர் மொக்தார். குழுவை ஆரம்பித்தவர், சர்வே ஆபீஸில் இருந்து ஓய்வுபெற்று குவாலா கங்சாரில் இருந்தார். சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் பாக் லோங்தான். குழுவில் யாராவது இறந்துபோனால் அரிசி மூட்டையோடு முதலில் போய் நிற்பவர் அவர். செத்தவர் சேர்த்து வைத்த சாமான்களை என்ன செய்வதென்று தெரியாமல் முழிக்கிற குடும்பத்துக்கு ஒரு தொகை கொடுத்து, அத்தனையையும் தானே எடுத்துக்கொண்டு போய்விடுவார். அதை எல்லாரும் பெரிய உபகாரமாகவே பேசுவார்கள். ஜம்ரி அவருக்கு வலதுகை மாதிரி. குழுவின் ஒழுங்கைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவனுடையது.

“பாக் லோங், பக்தியார் கணக்குல இருந்து யாரோ ஏலம் கேக்குறாங்க.”

அந்தப் பக்கம் கூண்டுப் புறா கூவுவது கேட்டது.

“எந்த பக்தியார்?”

“நம்ம காமுந்திங் பக்தியார்தான்.”

“எவனாவது பாஸ்வேர்டைத் திருடியிருப்பான்பா. இப்ப அதெல்லாம் பெரிய வித்தையா? நான் பாத்துக்கிறேன். நீ குழுவுல எழுதி வைக்காத. ரொஹானி காதுக்குப் போனா அந்தப் பொண்ணு தாங்குமா?”

“சரி பாக் லோங்.”

“கடிகாரம் வந்ததும் நல்ல ஆணியாப் பாத்து மாட்டு. கனம் ஜாஸ்தி.”

போனை வைத்த பிறகுதான், தான் கடிகாரம் எடுத்ததைச் சொல்லவே இல்லையே என்று ஜம்ரிக்குத் தோன்றியது. குழுத் தலைவர், பார்த்திருப்பார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். ஆனால் கனம் ஜாஸ்தி என்று எப்படித் தெரியும்?

விற்கிறவனே வேறு பெயரில் நுழைந்து விலையை ஏற்றிவிடுவது இந்தக் குழுக்களில் இருக்கிற பழைய வியாதி. அப்படிப்பட்ட கணக்குகளை ஹந்து என்பார்கள், பேய் என்று அர்த்தம். அதைத் தடுக்கத்தான் ஜம்ரி ஒரு விதியைக் கொண்டுவந்திருந்தான். புதிதாகச் சேர்ந்தவர்கள் ஏலம் கேட்க முடியாது. பல வருஷம் ஒழுங்காக வாங்கி, ஒழுங்காகப் பணம் கட்டிய பெயர்களுக்கே இடம். அந்த விதியால் பேய்கள் ஒழிந்தன என்று அவன் பெருமையடித்துக்கொண்டதும் உண்டு. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை பழைய ஏலங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தபோது, அந்த விதியே செத்தவனின் பழைய பெயருக்கு வழிவிட்டிருப்பது தெரிந்தது. பக்தியார் இறந்த பிறகும் மாதம் தவறாமல் ஏலம் கேட்டிருந்தான். ஒன்றிலும் ஜெயிக்கவில்லை. ஜெயிக்கப்போகிற ஆளை விளிம்பு வரைக்கும் தள்ளிக்கொண்டுபோய் விட்டுவிட்டு ஒதுங்கியிருந்தான்.

அவனைப்போலவே கேட்டு, அவனைப்போலவே ஒதுங்கிய இன்னும் சில பெயர்கள் இருந்தன. அவற்றில் ஒன்று ஜம்ரிக்குத் தெரியும். பாரிட் புந்தாரைச் சேர்ந்த ஃபாயிஸ், தபால்தலை சேர்த்த பையன். ரயில் கேட் பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் போய் லாரியில் அடிபட்டுச் செத்தவன். அவன் குடும்பத்துக்காகக் குழுவில் நன்கொடை வசூலித்தது ஜம்ரிதான்.

சாமான் போட்டவர்கள் இரண்டு மூன்று பேர்தான். யாரும் நேரில் பார்த்திராத பெயர்கள். ஜம்ரி தன் தொழில் புத்தியோடு படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தான். கண்ணாடிக் கதவுள்ள ஒரு கடிகாரத்தின் படத்தில், படம் எடுத்தவரின் பின்னால் இருந்தது அந்தக் கண்ணாடியில் மங்கலாகத் தெரிந்தது. நீலத் துணி போட்டு மூடிய ஒரு பறவைக் கூண்டு. பாக் லோங் வீட்டில் அந்தக் கூண்டுக்குக் கீழே உட்கார்ந்து அவன் எத்தனையோ தடவை காப்பி குடித்திருக்கிறான்.

காமுந்திங்கில் பக்தியாரின் வீட்டுச் சுவர்களில், கடிகாரங்கள் தொங்கிய இடங்கள் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தன. ரொஹானி மரவள்ளிக்கிழங்கு வறுவலும் கறுப்புக் காப்பியும் கொண்டுவந்து வைத்தாள். தையல் வேலை செய்கிறவள். பேச்சில் எப்போதும் ஒரு குத்தல் இருக்கும்.

“என்ன ஜம்ரி, வீடு மறந்துபோச்சுன்னு நினைச்சேன். அவர் இருந்தப்ப வாரத்துக்கு மூணு தடவை வந்து என் சக்கரையைக் காலி பண்ணுவ.”

“வேலை காக்.” காக் என்றால் அக்கா. பக்தியார் கல்யாணம் பண்ணிய நாளிலிருந்து அவளை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். “உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்கக்கூடாது. அவரோட கைபேசி எங்க இருக்கு?”

“பாக் லோங்கிட்ட. மூணாம் நாள் சாப்பாட்டுக்கு வந்தாருல்ல, சிநேகிதங்களுக்குத் தகவல் சொல்லணும், உள்ள இருக்கிற கடிகாரப் படங்களை எடுக்கணும்னு கேட்டார். குடுத்தேன். அப்புறம் திரை செத்துப்போச்சு, தூக்கிப்போட்டுட்டேன்னார். ஏன்?”

ஜம்ரி சொன்னான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் கிழங்குத் தட்டைப் பார்த்தே சொன்னான். முடித்து நிமிர்ந்தபோது அவள் எழுந்து உள்ளே போயிருந்தாள். தன் கைபேசியை எடுத்துக்கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தாள்.

“யார்கிட்டயும் இதைக் காட்டினதில்ல. பைத்தியம்னு சொல்லிடுவாங்க. தினமும் விடியக்காலை சுபுஹ் தொழுதுட்டு அவருக்கு எழுதுவேன். சும்மா, ரெண்டு வரி, நாலு வரி. போய்ச் சேராதுன்னு தெரியும். ஆனா எழுதினா அன்னிக்குப் பொழுது ஓடும்.” அவள் விரல் திரையைத் தள்ளியது. “முதல்ல சும்மாதான் கிடந்துச்சு. அப்புறம் ஒருநாள் பாக்குறேன், கீழ ‘பார்த்தாச்சு’ன்னு விழுந்திருக்கு. அதுக்கப்புறம் தினமும். நான் எழுதுறதை அவர் பாக்குறார்னு...”

ஜம்ரிக்குத் திரையைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. கண்ணில் பட்டது ஒரே வரிதான். ஆஸ்பத்திரியில் கட்டியை எடுக்கச் சொல்கிறார்கள், பயமாக இருக்கிறது, உன்னிடம் மட்டும் சொல்கிறேன் என்று இருந்தது. அதன் கீழேயும் பார்த்தாச்சு.

“காக், சாமானைப் பத்தி ஏதாவது எழுதினீங்களா?”

ரொஹானி திரையைத் தள்ளித் தள்ளிப் பழைய வரிகளைத் தேடினாள். ஒரு இடத்தில் விரல் நின்றது.

“நிக்காஹ் ஆன வருஷம் எனக்கு ஒரு சின்னப் பித்தளைக் கடிகாரம் வாங்கித் தந்தார். கைப்பிடி வச்சது. பாக் லோங் மத்ததெல்லாம் எடுத்தப்ப அதை மட்டும் அரிசி டின்னுக்குள்ள ஒளிச்சு வச்சேன். ‘நீ வாங்கித் தந்த கடிகாரம் அரிசிக்குள்ள பத்திரமா இருக்கு’ன்னு அவருக்கு எழுதினேன். அந்த வாரமே பாக் லோங் வந்தார். ‘கைப்பிடி வச்ச பித்தளைக் கடிகாரம் ஒண்ணு இருக்குமே, அதை எனக்குத் தர்றதா பக்தியார் வாக்குக் குடுத்திருந்தான்’னார். அவர் வாக்குக் குடுத்ததை நான் எப்படி இல்லேன்னு சொல்றது? எடுத்துக் குடுத்தேன். அரிசியைத் துடைச்சுக் குடுத்தேன் ஜம்ரி.”

அவள் அழவில்லை. வெளியே தைக்கக் கொடுத்ததை வாங்க வந்த பெண் ஒருத்தி சலாம் சொன்னாள். ரொஹானி எழுந்துபோய், துணியை மடித்துக் கொடுத்து, சில்லறை வாங்கிக்கொண்டு திரும்பினாள். உட்காரும்போது ஒரு முடிவோடு உட்கார்ந்தாள்.

“பாக் லோங்தானான்னு பாத்துடலாம்.”

மறுநாள் சுபுஹ் தொழுகைக்குப் பிறகு அவள் வழக்கம்போல எழுதினாள். உன் வாப்பாவின் பாக்கெட் கடிகாரம் பழைய துணி மூட்டையில் கிடைத்தது, வெள்ளிச் சங்கிலியோடு இருக்கிறது, பள்ளிவாசலுக்குக் கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். அப்படி ஒரு கடிகாரமே கிடையாது. பக்தியாரின் வாப்பா குவாலா செப்பெத்தாங்கில் மீன் பிடித்தவர். சூரியனைப் பார்த்து மணி சொல்கிற மனிதர்.

காலைப் பசியாறல் முடிவதற்குள் ரொஹானியின் கைபேசி அடித்தது. ஜம்ரி விடியலிலேயே அங்கே வந்திருந்தான். அவள் ஒலியைக் கூட்டி மேசைமேல் வைத்தாள்.

“ரொஹானி, உடம்பு எப்படிம்மா இருக்கு? ஆபரேஷன் பத்தி டாக்டர் என்ன சொன்னார்?”

ஆபரேஷன் விஷயத்தை அவள் கணவனைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. அவள் மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“பரவாயில்ல பாக் லோங்.”

“நல்லது, நல்லது. ராத்திரி பக்தியாரை நினைச்சுட்டே படுத்தேன். அவன் வாப்பாவோட கடிகாரம் ஒண்ணைப் பத்தி எப்பவோ சொன்னான். வெள்ளிச் சங்கிலி போட்டது. கண்ணுல பட்டா பள்ளிவாசல் அது இதுன்னு எங்கயும் குடுத்துடாத. அவங்களுக்கு அதோட மதிப்புத் தெரியாது.”

“தேடிப் பாக்குறேன் பாக் லோங்.”

“தேடு. அவசரம் இல்ல.”

குரலில் கள்ளத்தனமே இல்லை. பரிவு வழிகிற, சாவகாசமான, நிஜமாகவே ஒரு பெரியப்பாவின் குரல்.

அன்றைக்கே ஜம்ரி எல்லாவற்றையும் எழுதிக் குழுவில் போட்டான். போட்டது கொஞ்ச நேரம்கூட நிற்கவில்லை. பொறுப்பிலிருந்தும் குழுவிலிருந்தும் அவன் தூக்கப்பட்டான். பிறகு தெரிந்தவர்களிடமிருந்து வசவு வர ஆரம்பித்தது. செத்தவன் பெயரைச் சொல்லி வியாபாரம் பண்ணுகிறாயா, குழுவைப் பிடுங்கிக்கொள்ளப் பார்க்கிறாயா, பாக் லோங் சோறு போட்டதை மறந்துவிட்டாயா என்று. போலீஸ் ஸ்டேஷனில் புகாரை எழுதிக்கொண்டார்கள். எழுதிக்கொண்ட கார்ப்பரல் பாவம், நல்ல மனிதர். “கணக்கை யார் நடத்துறாங்கன்னு மேல கேட்டுத்தான் தெரியணும். கைபேசி அவர்கிட்ட இருக்குன்னு நீங்க கண்ணால பாத்தீங்களா?” என்றார். பார்க்கவில்லை.

சாயங்காலம் பாக் லோங்கே கூப்பிட்டார்.

“உன்மேல எனக்குக் கோபம் இல்ல ஜம்ரி. நீ புத்திசாலிப் பையன். ஆனா யோசிச்சுப் பாரு. உன் சுவத்துல தொங்குற கடிகாரத்துல பாதி பட்டறைக்காரங்க குடுத்தது. அவங்க வண்டிக்கு நீதான் எழுதித் தர்ற. சும்மாவா குடுத்தாங்கன்னு உன் கம்பெனி கேட்டா நல்லாவா இருக்கும்?”

“நான் காசு குடுத்துத்தான் வாங்கினேன்.”

“நான் நம்புறேன். கம்பெனி நம்பணுமே.” புறா கூவியது. “உன் சம்சாரத்தைக் கேட்டதாச் சொல்லு. உனக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா என்னைத்தான் கூப்பிடணும்னு அதுகிட்ட சொல்லி வச்சிருக்கேன்.”

அன்று ராத்திரி ஜம்ரி சுவரிலிருந்த கடிகாரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். தன் பெயரும் ஒருநாள் ஏதோ ஒரு கடிகாரத்துக்குக் கீழே விலை கேட்டுக்கொண்டிருக்கும் என்ற நினைப்பு அட்டையாக ஒட்டிக்கொண்டது. மனைவியிடம் விஷயத்தைச் சொன்னான். அவள், “அவர் எனக்கும்தான் போன் பண்ணுவார். உன் நெஞ்சு வலி பத்தியெல்லாம் விசாரிப்பார். எவ்வளவு அன்பா பேசுவார் தெரியுமா” என்று சொல்லிக்கொண்டே வந்து, பாதியில் வாயை மூடிக்கொண்டாள்.

ஃபாயிஸின் அம்மாவைப் போய்ப் பார்க்கலாம் என்றது ரொஹானிதான். பாரிட் புந்தாருக்கு வெளியே, வயலுக்கு நடுவே இருந்தது அந்த வீடு. மாக்சிக் கல்சோம் வாசலில் நெல் கிண்டிக்கொண்டிருந்தாள். மாக்சிக் என்றால் அத்தை. மகனின் சிநேகிதர்கள் என்றதும் முகம் மலர்ந்து, உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று ஜம்ரி திணறிக்கொண்டிருந்தபோது, அவளே கைபேசியை எடுத்து நீட்டினாள்.

“பாருங்க, நேத்துகூடப் பதில் வந்துச்சு.”

ரொஹானிக்கு வந்தது வெறும் ‘பார்த்தாச்சு’. இவளுக்குப் பதிலே வந்திருந்தது. ‘அம்மா, சாப்பிட்டியா.’ ‘அம்மா, மருந்தை நேரத்துக்குப் போடு.’ அதற்குக் கீழே, ‘அம்மா, என் பச்சை அட்டை ஆல்பம் ரெண்டும் எங்க இருக்கு?’

ரொஹானி அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். சுற்றி வளைக்காமல், மெதுவாக, தனக்கு நடந்ததைச் சொன்னாள். கல்சோம் குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டு முடித்து, முந்தானைத் துணியால் கைபேசித் திரையைத் துடைத்தாள்.

“எனக்குத் தெரியாதாம்மா? என் மகன் ஒருநாளாவது சாப்பிட்டியான்னு கேட்டிருக்கானா? பசிக்குதுன்னுதான் வருவான். முதல் பதில் வந்தப்பவே இது அவன் இல்லேன்னு தெரிஞ்சுபோச்சு.”

“அப்புறம் ஏன் மாக்சிக்...” என்று ஜம்ரி இழுத்தான்.

“கேக்குறதுக்கு ஒருத்தர் இருக்கட்டுமேன்னுதான். மூத்தவன் சிங்கப்பூர்ல இருக்கான். பெருநாளுக்குத்தான் போன் பண்ணுவான்.” அவள் வயலைப் பார்த்தபடி சொன்னாள். “ஆல்பம் அலமாரியில இருக்குன்னு எழுதிட்டேன். சனிக்கிழமை பாக் லோங் வர்றதா இருக்கு. ஃபாயிஸ் தனக்கு வாக்குக் குடுத்திருந்தானாம்.”

வாக்குக் குடுத்திருந்தான் என்ற வார்த்தையைக் கேட்டதும் ரொஹானி ஜம்ரியைப் பார்த்தாள்.

சனிக்கிழமை பிற்பகல் ஜம்ரியும் ரொஹானியும் காரை வாய்க்கால் ஓரம் மறைவாக விட்டுவிட்டு, கல்சோமின் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். பாக் லோங் வெள்ளை ஜிப்பாவும் சொங்கோத் தொப்பியுமாக வந்தார். கையில் பலகாரப் பெட்டி, தோளில் கறுப்புப் பை. வாசற்படியில் செருப்பைக் கழற்றும்போதே சலாம் சொன்னார். உள்ளே வந்து இரண்டு பேரையும் பார்த்தவர் ஒரு கணம்தான் நின்றார். பிறகு பெட்டியைக் கல்சோமிடம் கொடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

“நீங்களும் வந்துட்டீங்களா. நல்லதாப் போச்சு. பலகாரம் நிறையத்தான் இருக்கு.”

ரொஹானி தன் கைபேசியை எடுத்துப் பக்தியாருக்கு எழுதினாள். அனுப்பினாள். பாக் லோங்கின் பைக்குள் ஏதோ ஒன்று முனகி அடங்கியது.

அவர் பையைத் தொடவில்லை. ரொஹானி மறுபடி எழுதினாள். மறுபடி முனகல். மூன்றாம் தடவை எழுதியபோது கல்சோமும் தன் கைபேசியை எடுத்து, கண்ணுக்கருகே பிடித்து, எழுத்தெழுத்தாகத் தேடி எழுதினாள். பைக்குள் இரண்டு கைபேசிகள் சேர்ந்து முனகின.

“எடுங்க பாக் லோங்,” என்றாள் ரொஹானி. “என் புருஷன் கூப்பிடுறார்.”

அவர் சிரித்தார். பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார். இரண்டோடு நிற்கவில்லை. விளிம்பு உடைந்தது, ரப்பர் உறை போட்டது, கால்பந்துப் படம் ஒட்டியது என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தன. எல்லாவற்றிலும் சார்ஜ் நிறைந்திருந்தது. சாயங்காலம் ஏலம் முடிகிற நேரம். அதற்காகத்தான் எல்லாவற்றையும் கையோடு கொண்டுவந்திருந்தார்.

“யாருக்கு என்ன நஷ்டம்?” என்றார். “ஜம்ரி, நீ ஆசைப்பட்ட கடிகாரம் உனக்குக் கிடைச்சுது. ரொஹானி, உன் பேச்சைக் கேக்க ஒரு ஆள் இருந்துச்சு. இந்தம்மாவை மருந்து சாப்பிட வச்சது யாரு? பெத்த புள்ளையா? இவங்க செத்த மறுநாளே எல்லாரும் மறந்துட்டீங்க. நான்தான் இவங்களை உசிரோட வச்சுட்டிருந்தேன்.”

“நான் உங்ககிட்டயா பேசினேன்?” என்றாள் ரொஹானி. “என் உடம்பைப் பத்தி, என் படுக்கையைப் பத்தி, ஒரு மனுஷன்கிட்ட மட்டும் சொல்றதையெல்லாம் எழுதினேன். அதைக் கையில வச்சுக்கிட்டுத்தான் என் வீட்டு நடுவுல உக்காந்து காப்பி குடிச்சீங்களா?”

அவர் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வெட்கத்தைத் தேடினான் ஜம்ரி. களைப்புதான் இருந்தது.

“படிக்கலேன்னா சாமான் எங்க இருக்குன்னு எப்படித் தெரியும்?” என்றார்.

கல்சோம் எழுந்தாள். பலகாரப் பெட்டியை எடுத்து அவர் மடியில் வைத்தாள். “போயிட்டு வாங்க,” என்றாள், விருந்தாளியை வழியனுப்புகிற குரலில். “ஆல்பத்தை ஆத்துல போட்டாலும் போடுவேன், உங்ககிட்டத் தரமாட்டேன்.”

அவர் கைபேசிகளை நோக்கிக் கை நீட்டினார். ஜம்ரி மேசைக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றான். பாக் லோங் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

“வச்சுக்க. ஆனா தெரிஞ்சு வச்சுக்க. இனிமே அவங்களுக்கெல்லாம் பதில் சொல்ற வேலை உன்னோடது.”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வரப்பில் நடந்து போனார். அப்புறம் மேசைமேல் கால்பந்துப் படம் ஒட்டிய கைபேசி ஒளிர்ந்தது. யாரும் தொடாமலே எழுத்து தெரிந்தது. ‘அபா, நாளைக்கு என் ஓட்டப்பந்தயம். தூங்காம பாத்துட்டே இரு.’

அபா என்றால் அப்பா. மூவரும் அந்த வெளிச்சம் அணைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கைபேசிகளைப் பார்த்த பிறகு போலீஸ் சுறுசுறுப்பானது. கார்ப்பரல் குவாலா கங்சாருக்குப் போனபோது வீடு பூட்டிக் கிடந்தது, கூண்டு திறந்து கிடந்தது. பாக் லோங்கைத் தாய்லாந்து எல்லையில் பார்த்ததாகச் சிலர் சொன்னார்கள், கோத்தா பாருவில் மகள் வீட்டில் இருப்பதாகச் சிலர். வழக்கு இன்னும் நடக்கிறது. குழு கலைந்து, வேறு பெயரில் மறுபடி சேர்ந்தது. அதில் ஜம்ரியைக் கூப்பிட்டார்கள். அவன் போகவில்லை. கம்பெனிக்கு யாரோ மொட்டைக் கடுதாசி எழுதியிருந்தார்கள். விசாரணை முடிகிற வரைக்கும் அவனுக்கு வண்டி பார்க்கும் வேலை கிடையாது, மேசை வேலைதான். பித்தளைக் கடிகாரம் யார் கைக்குப் போனது என்று கடைசிவரை தெரியவில்லை.

அபாவுக்கு எழுதிய அந்தப் பையனின் வீடு தெலுக் இந்தானில் இருந்தது. கண்டுபிடிக்கக் கொஞ்ச காலம் ஆயிற்று. உண்மையைச் சொல்ல வேண்டியது யார் என்று பேச்சு வந்தபோது, ஆபரேஷன் முடிந்து தையல்கூடப் பிரிக்காத ரொஹானி, தானே போகிறேன் என்றாள். ஜம்ரி காரிலேயே இருந்தான். வாசலில் ஓட்டக்காலணி ஒரு ஜோடி சேறாகக் கிடந்தது. அவள் குனிந்து அதை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, சலாம் சொல்லி உள்ளே போனாள். வெளியே வர நெடுநேரம் ஆயிற்று. உள்ளே என்ன சொன்னாள் என்று அவன் கேட்கவில்லை. திரும்பும் வழியில், தன் கணக்கின் கடவுச்சொல்லை மனைவிக்கு மட்டும் சொல்லி வைக்க வேண்டும் என்று அவன் சொன்னான்.

“சொல்லி வை,” என்றாள் ரொஹானி, கண்ணாடிக்கு வெளியே ஓடும் செம்பனை மரங்களைப் பார்த்தபடி. “ஆனா நீ போனப்புறம் அதுல இருந்து எனக்கு எதுவும் எழுதக்கூடாதுன்னும் சொல்லிடு.”